கூட்டைக் கீழிருந்து பாருங்கள்

முயல் வளர்க்க விரும்பும் நேயர்கள் நம்மிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்த இனம் நல்லது?" என்பதாகும். இரண்டாவது கேள்வி, "என்ன தீன் கொடுக்கலாம்?" என்பதாகும். "கழிவை எவ்வாறு அகற்றுவது?" என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஆவலோடு தொடங்கி ஆண்டு நிறையுமுன் கைவிட்ட குடும்பங்களை நாம் விசாரித்த அளவில், இனத்தாலோ தீனாலோ தோற்றவர்கள் சிலர். கொட்டிலின் நாற்றத்தாலும், குட்டிகளின் நோயாலும், நாள் தவறாத துப்புரவு வேலையின் சலிப்பாலும் தோற்றவர்களே பலர்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கூடு செய்விப்போர் அதை முன்னிருந்து பார்க்கின்றனர். கதவு வசதியாக இருக்கின்றதா, எத்தனை முயல் அடங்கும், முற்றத்தில் வைத்தால் அழகாக இருக்குமா என்று பார்க்கின்றனர். உள்ளே இருப்பது உண்ணும், உண்டதைக் கழிக்கும், கழித்தது எங்கே விழும், விழுந்தது எங்கே போகும், அதை எடுப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. முயற்கூட்டைக் கீழிருந்து பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் வலியுறுத்த விரும்புவது.

முயலின் இயல்பு

நம் நாட்டுப் பற்றைக் காடுகளில் ஓடித் திரியும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை; அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் மூதாதையரோ ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்த ஐபீரியக் குடாநாட்டைச் சேர்ந்தவை. அவை நிலத்துள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வன. அவற்றின் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிய நிலையிற் பிறப்பன. இரண்டையும் தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றோமாயினும், இவை தம்முட் கூடி இனம் பெருக்குவதில்லை.

வளையில் வாழும் முயலிடம் மெச்சத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. வளைக்கு வெளியே குறித்த சில இடங்களைத் தெரிந்து, அங்கேயே புழுக்கையைக் குவித்து இடும். பண்டைய உரோமர்கள் முயல்களை மதில் சூழ்ந்த தோட்டங்களில் வளர்த்தனர். கி.மு. 37இல் வாரோ என்னும் உரோமானிய அறிஞர் இயற்றிய வேளாண்மை நூல் அத்தகைய தோட்டங்களைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே வாழ்ந்த முயலும் தன் கழிவை விட்டு விலகி நடக்க முடிந்தது. கூட்டில் அடைபட்ட முயலால் அது முடியாது. அவ்வுரிமையை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாம். ஆதலால், முயல் கழிவை விட்டு விலக முடியாதெனின், கழிவு முயலை விட்டு விலக வேண்டும். கூடமைக்கும் கலை முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

கழிவின் கணக்கு

இனப்பெருக்கத்துக்கெனப் பலரும் விரும்புவது நியூசிலாந்து வெள்ளை என்னும் இனம். பெயர் நியூசிலாந்தாயினும் அதனை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்களே. வளர்ந்த பெண் முயல் நான்கு முதல் ஐந்து கிலோ வரை நிற்கும். அத்தகைய முயல் நாளொன்றுக்குக் கால் இலீற்றர் முதல் அரை இலீற்றர் வரை சிறுநீர் கழிக்கும். பத்துப் பெண் முயல்களை வளர்க்கும் வீட்டில், குட்டிகளை விட்டுக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 5 இலீற்றர் வரை சேரும். மாதத்துக்கு 150 இலீற்றர். இத்தனை நீர் எங்கே போகும் என்பதற்குக் கூடு விடை சொல்லாவிடின், கொட்டிலின் நிலம் விடை சொல்லும். அயல்வீட்டாரின் மூக்கும் விடை சொல்லும்.

புழுக்கை தனியே கிடந்தால் அதிகம் நாறாது. சிறுநீரும் தனியே விரைந்து வடிந்தால் அவ்வளவு துன்பமில்லை. இரண்டும் கலந்து ஈரமாகக் கிடக்கும்போதே கேடு தொடங்குகின்றது. சிறுநீரில் யூரியா உண்டு. புழுக்கையில் வாழும் பற்றீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியா வாயுவாக மாற்றுகின்றன. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் ஆய்வுகூடத்தில் முகர்ந்து முகஞ்சுளிக்கும் அதே வாயுதான் இது. நாம் கொட்டிலில் ஐந்து நிமிடம் நின்று வெளியேறி விடுகின்றோம். முயலோ இரவும் பகலும் கழிவுக்கு ஓரடி மேலே மூக்கை வைத்துக்கொண்டு வாழ்கின்றது. அமோனியா அதன் மூக்கினதும் சுவாசக் குழாயினதும் மெல்லிய சவ்வுகளை அரிக்கின்றது. பின்னர் பாஸ்ரரெல்லா என்னும் பற்றீரியா எளிதில் உட்புகுகின்றது. தும்மலும், வெண்சளியும், சளியைத் துடைத்துத் துடைத்து நனைந்த முன்னங்கால்களும் இந்நோயின் அடையாளங்கள். மருந்து கொடுத்தாலும் கொட்டிலின் காற்றைத் திருத்தாதவரை நோய் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது பகை கொக்சிடியா நோய். ஐமேரியா என்னும் ஒற்றைக்கல உயிரிகள் இதனை உண்டாக்குகின்றன. ஒரு வகை ஈரலையும் ஏனையவை குடலையும் தாக்கும். பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளே இதற்குப் பெரும்பாலும் இரையாவன. இவ்வுயிரியின் உறைகள் புழுக்கையோடு வெளியே வருகின்றன. ஆனால், வெளிவந்த உடனேயே அவை நோய் பரப்ப மாட்டா. வெப்பமும் ஈரமும் காற்றும் கிடைத்து, ஏறக்குறைய ஒன்று முதல் நான்கு நாள்கள் வரை கழிந்த பின்னரே அவை நோய் தரும் நிலையை அடைகின்றன. இயற்கை நமக்கு அளித்துள்ள தவணை இது. அத்தவணைக்குள் புழுக்கை முயலின் காலடியை விட்டு அகன்றுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். நாள்தோறும் துப்புரவு வேண்டும் என்பது முதியோர் சொல்லும் ஒழுக்கவுரை மாத்திரமன்று. அவ்வுயிரியின் வாழ்க்கை வரலாறே அதனை விதிக்கின்றது.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். முயல் தன் கழிவைத் தானே உண்ணும் என்று கேள்விப்பட்டிருப்பர். கம்பித் தளத்தினூடு யாவும் கீழே விழுந்துவிட்டால் முயலுக்கு நட்டமில்லையா என்பர். முயல் இரு வகைக் கழிவை வெளியேற்றும். ஒன்று நாம் காணும் கடினமான புழுக்கை. மற்றொன்று மென்மையான, சத்து மிகுந்த உருண்டை. இதனை முயல் தரையில் விழவிடாது, குனிந்து தன் வாயால் நேரே எடுத்து உண்ணும். ஆதலால், கம்பித் தளத்தினூடு விழுவது கழிவு மட்டுமே, உணவு அன்று.

ஐந்து வகை ஒழுங்குகள்

கழிவை அகற்றும் வழியைக் கொண்டு கூடுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அடைத்த தளமும் படுக்கையும். பலகைத் தளத்தில் வைக்கோலோ உமியோ மரத்தூளோ பரப்புவது. செலவு குறைவு, முயலின் பாதத்துக்கும் இதமானது. ஒன்றிரண்டு முயல்களைப் பிரியத்துக்காக வளர்ப்போர்க்கு ஏற்றது. ஆனால், முயலும் கழிவும் ஒரே தளத்தில் வாழ்கின்றன. நனைந்த படுக்கையை நாள்தோறும் அள்ளிப் புதியது இட வேண்டும். இனப்பெருக்கத்துக்கு இதனைக் கைக்கொள்வோர் கொக்சிடியா நோய்க்கு வாசலைத் திறந்து வைக்கின்றனர் எனலாம்.

இரண்டாவது, கம்பித் தளமும் அதன் கீழே இழுத்தெடுக்கும் தட்டமும். முயல் கழிவிலிருந்து பிரிக்கப்படுகின்றது. ஆனால், சிறுநீரும் புழுக்கையும் தட்டத்தில் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. எனவே நாள்தோறும் தட்டத்தை வெளியே எடுத்துக் கொட்ட வேண்டும். தகரத் தட்டம் விரைவிற் கறள் பிடிக்கும். தடித்த பிளாத்திக்குத் தட்டம் நெடுங்காலம் நிற்கும். தட்டத்தில் ஒரு கை உமி பரப்பினால் ஈரத்தை உறிஞ்சும். மூன்று நான்கு கூடுகள் வரை இவ்வொழுங்கு போதும். அதற்கு மேல் தட்டங்கள் வேலையாட்களாக அன்றி எசமானர்களாக மாறிவிடும்.

மூன்றாவது, தொங்கும் கம்பிக்கூடும் அதன் கீழே குழியும். கூட்டைக் கூரையின் வளையிலிருந்து கம்பியால் தொங்கவிட்டு, கழிவு நேரே கீழே விழ விடுவது. கீழே மணலும் சல்லியும் இட்ட குழி. சிறுநீர் மண்ணுள் வடியும். புழுக்கை மேலே உலர்ந்து கிடக்கும். வேலை மிகக் குறைவு. சிலர் குழியில் மண்புழுக்களை விட்டு, உலர்ந்த இலைகளையும் இட்டு, நல்ல பசளை பெறுகின்றனர். இதன் குறை ஒன்றைச் சற்றுப் பின்னர் கூறுவோம்.

நான்காவது, சாய்தகடும் பீலியும். கம்பித் தளத்தின் கீழே மழமழப்பான தகடொன்றைச் சாய்வாகப் பொருத்தி, அதன் தாழ்ந்த ஓரத்தில் பீலி அமைப்பது. பீலியின் மேலே சிறுகண் வலை இட்டால், புழுக்கை வலைமேல் தங்கும். சிறுநீர் பீலியுள் இறங்கி வாளிக்குச் செல்லும். கலந்தால் கேடு விளைக்கும் இரண்டும் இங்கே பிரிந்துவிடுகின்றன. சாய்வு போதாவிடின் ஈரப் புழுக்கை தகட்டில் ஒட்டி நிற்கும். 45 பாகைக்கு அண்மையான சாய்வு வேண்டும். இரண்டடுக்குக் கூடு அமைப்போர்க்கு இத்தகடு இன்றியமையாதது; இன்றேல் மேல் முயலின் கழிவு கீழ் முயலின் முதுகில் விழும். மூன்றடுக்கை நாம் விதந்துரையோம். உச்சி அடுக்கின் உட்புறம் கண்ணுக்கு எட்டாது; கண்ணுக்கு எட்டாதது கைக்கும் எட்டாது.

ஐந்தாவது, சீமெந்து நிலமும் நீர்ப் பாய்ச்சலும். கூட்டின் கீழே நாலடிக்கு ஓரங்குலம் சாய்ந்த சீமெந்து நிலம் அமைத்து, வாய்க்கால் வழியே கழிவைக் கழுவிவிடுவது. பார்ப்பதற்குத் துப்புரவானது. ஆனால், ஐந்து இலீற்றர் கழிவை அகற்ற ஐம்பது இலீற்றர் நீரைச் செலவிட்டு, ஐம்பத்தைந்து இலீற்றர் கழிவைப் பெறுகின்றோம். கொட்டிலும் எந்நேரமும் ஈரமாக இருக்கும். சீமெந்து நிலம் நல்லதே. ஆயின் அதனை முதலில் உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டி, புழுக்கையைக் கடகத்தில் அள்ளிய பின்னரே சிறிது நீரால் அலம்ப வேண்டும்.

கிணற்றை மறவாதீர்

மூன்றாம் வகையாகிய குழி முறையின் குறையைக் கூறுவதாகச் சொன்னோம். கூட்டுக்குக் கீழே விழுந்த கழிவு மண்ணுள் மறைந்ததும் நம் கண் அதனை மறந்துவிடுகின்றது, நிலம் மறப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரையே கிணறுகளின் வழியே குடிக்கின்றோம்; தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். மேலேயுள்ள மண் பல இடங்களில் ஆழமற்றது. அதனூடு இறங்கும் எதுவும் போதிய அளவு வடிகட்டப்படாமலே நீரைச் சென்றடையும். கழிவிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி நீரோடு கரைந்து இறங்கும். குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் விவசாயப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவுக்கு மிஞ்சிய நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும். உடல் நீலம் பாரிக்கும். இந்நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. கொதித்தால் நீர் ஆவியாகும், நைத்திரேற்று ஆவியாகாது.

பெரும்பங்கு செயற்கை உரத்தாலும் மலக்குழிகளாலும் வந்தது என்பது உண்மையே. பத்து முயல்களின் கழிவு அதனோடு ஒப்பிடச் சிறிதே. எனினும், ஒவ்வொரு வீட்டாரும் தம் பங்கு சிறிதே என்று எண்ணியே இந்நிலை வந்தது. ஆதலின் சுண்ணாம்பு நிலத்தில் வாழும் நேயர்கள், சிறுநீர் மண்ணுள் வடியும் குழி முறையை விலக்குதல் நலம். தகட்டிலும் பீலியிலும் ஏந்திய சிறுநீரைப் பத்து மடங்கு நீர் கலந்து, வாழைக்கும் புல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி ஊற்றலாம். அப்போது நைதரசன் கிணற்றுக்குப் போகாது, இலைக்குப் போகும். புழுக்கையைக் கிடங்கில் இடாது, மழைநீர் படாத மேட்டில் உலர்ந்த இலைகளோடு அடுக்கடுக்காகக் குவித்து உக்க வைத்து மரக்கறித் தோட்டத்துக்கு இடலாம். முயற் புழுக்கை மாட்டெருவிலும் நைதரசன் மிகுந்தது.

மலைநாட்டு நேயர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. அங்கே மழையும் குளிரும் ஈரத்தை உலரவிடா. கூட்டின் மழைப் பக்கத்தைத் தறப்பாளால் மறைத்தல் வேண்டும். ஆனால், குளிருக்கு அஞ்சி நான்கு பக்கமும் அடைத்து அமோனியாவைச் சிறைப்படுத்தலாகாது. சமவெளியில் வெயிலே பகை. முயலுக்கு வியர்வை வழியே வெப்பத்தைப் போக்க இயலாது. காதுகளின் வழியே போக்க முயலும். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் அது வருந்தும். நெடுநாள் தாண்டினால் ஆண் முயல் சிலகாலம் மலடாகும். ஆதலின் வெறுந் தகரக் கூரை கூடாது. அதன்மேல் கிடுகு வேய வேண்டும்.

கம்பியும் அளவும்

தளத்துக்கு ஒட்டுவைத்த, நாகம் பூசிய கம்பிவலையே வேண்டும். கடைகளிற் கல்வனைசு வலை என்று கேட்கலாம். கண் அரை அங்குலத்துக்கு ஓரங்குலம். கம்பி 14ஆம் இலக்கத் தடிப்பு. கண் இதனிலும் பெரிதாயின் குட்டியின் கால் அகப்படும். சிறிதாயின் புழுக்கை விழாது. கோழிவலையைத் தளத்துக்கு இடவே கூடாது; அது தொய்ந்து, பாதத்தை வெட்டும். மரச் சட்டத்தைக் கூட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் முயல் கறிக்கும், சிறுநீர் ஊறும்.

கமுகஞ் சலாகைகளை அரையங்குல இடைவெளி விட்டு அடித்த தளமும் நல்லதே, பாதத்துக்கும் இதமானது. ஊறிப்போன சலாகையை எளிதிற் கழற்றி மாற்றத்தக்கதாக அதனை அமைக்க வேண்டும். கம்பித் தளமாயின், முயல் அமர்ந்து இளைப்பாற ஓரடிக்கு ஓரடிப் பலகை ஒன்று உள்ளே வேண்டும். இன்றேல் பருத்த முயல்களின் பின்னங்கால் அடியில் புண் உண்டாகும். பலகைகள் இரண்டு இருக்கட்டும். ஒன்று கூட்டிலும் மற்றொன்று வெயிலிலும் மாறி மாறி இருக்கட்டும்.

நிறையில் ஓர் இறாத்தலுக்கு ஒரு சதுர அடி என்பது பழைய கணக்கு. குட்டியீனும் நியூசிலாந்து வெள்ளைக்கு 3 அடிக்கு 2½ அடி என்பது பலரும் கையாளும் அளவு. இது அப்பழைய கணக்குக்கே சற்றுக் குறைவு. 2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை முயல் வளர்ப்பு முறைகளை ஆராய்ந்து வெளியிட்ட கருத்தில், வழக்கமான சிறு கூடுகளில் அசைவுக்கு இடமின்மையே முயல்களின் பெருங் குறை என்று கூறியது. இடமுள்ளோர் நீளத்தைக் கூட்டுக. உயரத்தையும் 18 அங்குலத்தோடு நிறுத்தாது 24 அங்குலமாக்குக. கீழே தகடும் பீலியும் செவ்வனே அமைந்திருப்பின் கூட்டைப் பெரிதாக்குவதால் துப்புரவு வேலை கூடுவதில்லை. தளத்தை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்துக. குனியாமல் வேலை செய்யலாம். கூட்டின் கால்களை நீர் நிறைந்த பேணிகளுள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பிறந்த குட்டிக்கு எறும்பைப் போற் கொடிய பகை பிறிதில்லை.

குட்டிப் பெட்டி

முயலின் சூல் காலம் ஏறக்குறைய 31 நாள். 28ஆம் நாளில் வைக்கோல் இட்ட குட்டிப் பெட்டியைக் கூட்டில் வைக்க வேண்டும். தாய் தன் உரோமத்தைப் பறித்து மெத்தை அமைக்கும். கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் செல்லும் அக்குட்டிகளுக்கு, ஈரமான பெட்டியே பெரும்பாலும் எமனாகின்றது.

இங்கேதான் முயலின் பழைய வழக்கம் நமக்கு உதவுகின்றது. கூட்டில் அடைபட்டாலும் முயல் சிறுநீர் கழிக்க ஒரு மூலையையே பெரும்பாலும் தெரிந்துகொள்ளும். அம்மூலை எது என்று முதல் வாரத்திலேயே கவனித்துக் குறித்து, பெட்டியை அதற்கு எதிர் மூலையில் வைக்க வேண்டும். அவள் வழக்கமாகக் கழிக்கும் மூலையிலேயே பெட்டியை வைத்துவிட்டு, தாய் முயல் பெட்டியை நனைக்கின்றதே என்று குறைகூறுவதில் நியாயமில்லை. பெட்டியின் அடியிற் சிறு துளைகள் இடுக. நாள்தோறும் ஒருமுறை பார்த்து, இறந்த குட்டி இருப்பின் அகற்றுக. குட்டிகள் வெளியேறியதும் பெட்டியைக் கழுவி, அடுத்த ஈற்றுவரை வெயிலிற் காய விடுக. இரண்டு பெட்டி உடையவர் ஒருபோதும் ஈரப்பெட்டியை இடார்.

கழுவும் முறை

தகட்டிலும் தட்டத்திலும் வெள்ளையாகப் படியும் பொருக்கைச் சிலர் சுரண்டிச் சுரண்டிக் களைக்கின்றனர். முயல் தன் உணவிலுள்ள மிகையான கல்சியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். அதுவே கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது. வினாகிரியை ஊற்றிச் சற்று நேரம் விட்டால், காபனீரொட்சைட்டு நுரைத்தெழ, பொருக்கு இளகிவிடும். மாணவர்கள் பாடநூலிற் படித்த சமன்பாட்டை வீட்டிலேயே கண்ணாரக் காணலாம்.

ஓர் எச்சரிக்கை. வெளிற்றும் தூளை வினாகிரியோடு கலந்தால் குளோரீன் வாயு எழும்; சிறுநீர் ஊறிய இடத்தில் இட்டால் அமோனியாவோடு சேர்ந்து வேறு நச்சு வாயுக்கள் எழும். முதலிற் கூட்டி, நீரால் நன்கு அலம்பிய பின்னரே வெளிற்றும் தூள் நீரை உபயோகிக்கலாம். கொக்சிடியாவின் உறைகளோ இதற்கு அஞ்சா. கொதிநீருக்கும் கடும் வெயிலின் உலர்ச்சிக்குமே அஞ்சும். ஆதலால், கழற்றி வெளியே எடுக்கத்தக்க கூடே நல்ல கூடு. நாள்தோறும் புழுக்கையை அள்ளுதல். வாரமொருமுறை தகட்டையும் பீலியையும் தேய்த்தல். ஈற்றுக்கு ஈற்று கூட்டைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் வைத்தல். இம்மூன்றும் போதும். வாரத்துக்கு மேல் எரு கூட்டருகே கிடந்தால் இலையான் பெருகும் என்பதையும் நினைவிற் கொள்க. இவ்வளவு செய்தும் குட்டிகள் நலிந்தால் தாமதியாது அரச மிருக வைத்தியரை நாடுக.

யார் கழுவுவது?

ஒரு சிறு கணக்கோடு முடிப்போம். பத்துக் கூடுகளுக்குப் பத்துத் தட்டங்கள். தட்டமொன்றுக்கு இரண்டு நிமிடம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 20 நிமிடம். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 122 மணி நேரம். அதே பத்துக் கூடுகளுக்குச் சாய்தகடும் பீலியும் அமைத்து, நாள்தோறும் 5 நிமிடமும் வாரமொருமுறை அரைமணியும் செலவிட்டால், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 56 மணி நேரம். வித்தியாசம் 66 மணி நேரம். கூட்டின் விலையை ரூபாயிற் கணக்கிடும் நாம் இந்த மணிகளைக் கணக்கிடுவதில்லை. ஏன்? அவை பெரும்பாலும் நம்முடைய மணிகள் அல்ல.

நம் வீடுகளில் கூடு வாங்குபவர் ஒருவர். கூட்டைக் கழுவுபவர் வேறொருவர். தந்தையார் தச்சரோடு பேசிக் கூடு செய்விப்பார். முதல் மாதம் பிள்ளைகள் ஆவலோடு கழுவுவர். பரீட்சை வந்ததும் பிள்ளைகள் விலகுவர். அதன்பின், விடியற்காலையில் அடுப்பு மூட்டுமுன் தட்டங்களை இழுத்துக் கொட்டுபவர் தாயார். முன்பே முதுகு வலிக்கும் அவர், இரண்டடி உயரத்திலுள்ள தட்டத்துக்கு நாளொன்றுக்குப் பத்து முறை குனிகின்றார். கூட்டின் உயரத்தைப் பற்றி அவரிடம் எவரும் கேட்டதில்லை. ஒருநாள் அவர் சலித்து விடுகின்றார்; கழிவு தேங்குகின்றது; குட்டிகள் தும்முகின்றன; "முயல் வளர்ப்பு நமக்குச் சரிவராது" என்று தந்தையார் தீர்ப்புக் கூறுகின்றார். சரிவராதது முயல் அன்று. கேளாமற் செய்த கூடு.

ஆகவே, கூடு செய்விக்க எண்ணும் அன்பர்களே, தச்சரிடம் போகுமுன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதனை நாள்தோறும் துப்புரவு செய்யப்போவது யார்?" அவர் யாராயினும், அவரை நிறுத்தி, அவர் முழங்கையின் உயரத்துக்குத் தளத்தை அளந்து, அவர் கை எட்டும் தூரத்துக்குக் கூட்டின் ஆழத்தை வரையறுத்து, அவர் தூக்கக்கூடிய வாளியைப் பீலியின் முனையில் வையுங்கள். கழுவுபவருக்கு எளிதான கூடே நாள்தோறும் கழுவப்படும். நாள்தோறும் கழுவப்படும் கூட்டிலேதான் குட்டிகள் பிழைக்கும். விலகி நடக்க வழியற்ற அந்த வாயில்லாச் சீவனுக்கும், வேலையிலிருந்து விலக வழியற்ற அந்தக் கைகளுக்கும் நாம் செய்யக்கூடிய நியாயம் இதுவே.

அடுத்த வாரம், முயலுக்கு ஏற்ற பசுந்தீன்களைப் பற்றியும், வேலியோரத்தில் எளிதாகக் கிடைக்கும் குழைகளைப் பற்றியும் ஆராய்வோம்.